வாசகர் கேள்வி, ஐயர் பதில்: சபைகள் சேர்ந்த கதையும் சேராம நிக்கிற கதையும்

போன இதழ்ல ஜனவரி 18லேர்ந்து 25 வரைக்கும் நடக்கிற ஐக்கிய ஜெப வாரத்தப் பத்தி நாலு வரி எழுதியிருந்தேன். அதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு நான் நெனைக்கல. பாதிப்பேர் பேர் போட வேண்டாம்னு கேட்டதால எல்லாருக்கும் ஊர் மட்டும் போடுறேன்.

நாசரேத், ஒரு வாசகி: ஐயா, நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), எனக்குப் பாத்திருக்கிற மாப்பிள்ளை தூத்துக்குடி ஆர்.சி. அவங்க கோயில்ல கல்யாணம்னா எனக்கு மறுபடி ஞானஸ்நானம் குடுக்கணும்னு மாப்பிள்ளையோட பெரியம்மா சொல்லிட்டாங்க. அதக் கேட்டதுலேர்ந்து அப்பா யாருகிட்டயும் சரியா பேசுறதில்ல. நான் என்ன செய்ய?

மகளே, மொதல்ல அப்பாகிட்ட போய் இத வாசிச்சுக் காட்டு. மறுபடி ஞானஸ்நானம் தேவையில்ல. பிதா குமாரன் பரிசுத்த ஆவி நாமத்துல தண்ணியால குடுத்த ஞானஸ்நானத்த கத்தோலிக்கத் திருச்சபை செல்லும்னு ஏத்துக்குது, ஒருத்தருக்கு ஒரு தடவைதான், ரெண்டாவது தடவ குடுக்கிறதே அவங்க சட்டப்படியும் தப்பு. பெரியம்மா தெரியாம சொல்லியிருக்காங்க, அவங்க மேல கோவப்படாத. உன் சேகர ஐயர்கிட்ட ஞானஸ்நான சர்டிபிகேட் வாங்கி பங்குச் சாமியார் கையில குடு. அவர் அத மறைமாவட்டத்துக்கு அனுப்பி கலப்புத் திருமணத்துக்கு ஆயர் அனுமதி வாங்குவாரு. நம்ம கோயில்ல வச்சு நடத்தணும்னாலும் வழியிருக்கு, அதுக்கு மாப்பிள்ளை பக்கத்துல அவங்க ஆயர் தனியா ஒரு விலக்கு குடுக்கணும், அதனால தேதி குறிக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு பேருமா போய்ப் பேசுங்க, மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்துட்டுப் போய் நின்னா எல்லாருக்கும் டென்ஷன்.

ஒண்ண மட்டும் மறைக்காம சொல்லிடுறேன். பிள்ளைங்கள கத்தோலிக்க விசுவாசத்துல வளக்க தன்னால முடிஞ்சத செய்வேன்னு மாப்பிள்ளை வாக்குக் குடுக்கணும், அப்படி வாக்குக் குடுத்திருக்காருங்கிறத உனக்கும் சொல்லணும்னு அவங்க விதியிலயே இருக்கு. நீ கையெழுத்துப் போடுற வாக்கு இல்ல அது. ஆனா நாளைக்கு வீட்டுக்குள்ள வரப்போற கேள்வி, கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டு பேரும் உக்காந்து பேசியாகணும். அதே மாதிரி நற்கருணை. நம்ம சி.எஸ்.ஐ. ஆல்டர்ல மத்த சபையில திருவிருந்து எடுக்கிறவங்களுக்கும் பொதுவா எடமுண்டு, அவங்க பூசையில உனக்கு சாதாரணமா குடுக்க மாட்டாங்க. இது வலிக்கும். நாப்பது வருஷமா இந்த வலியோட ஞாயித்துக்கிழம ஒரு பெஞ்சுல உக்காந்து எந்திரிக்கிற தம்பதிகள எனக்குத் தெரியும், அவங்கதான் எங்கள மாதிரி ஐயர்மாரவிட அதிகமா ஐக்கியத்துக்காக ஜெபம் பண்றவங்க. கல்யாணத்துக்குக் கூப்பிடு, வாரேன்.

கரூர், ஒரு வாசகர்: வெள்ளைக்காரன் போகும்போது சொத்தக் காப்பாத்திக்க அவசரமா ஒட்டவச்ச சபைதானே சி.எஸ்.ஐ.? சுதந்திரம் ஆகஸ்ட்ல, இது செப்டம்பர்ல. கணக்கு சரியா வருதே?

தம்பி, தேதிய மட்டும் பாத்தா அப்படித்தான் தோணும். 1947 செப்டம்பர் 27, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல், ஆமா. ஆனா அந்த நாளுக்காக 28 வருஷம் பேசியிருக்காங்க. இந்தப் பேச்சு தொடங்குன எடம் தரங்கம்பாடி, 1706ல புராட்டஸ்டன்ட் மிஷனெரி சீகன்பால்க் வந்து எறங்குன அதே கடற்கரை. 1919 மே மாசம் 1, 2 தேதிகள்ல 33 பேர் கூடுறாங்க, அதுல ரெண்டே ரெண்டு பேர்தான் வெளிநாட்டுக்காரங்க, மிச்ச 31 பேரும் நம்ம ஆளுங்க. அவங்க கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது, எங்கேயோ இங்கிலாந்துலயும் ஸ்காட்லாந்துலயும் நடந்த சண்டைக்கு நாங்க ஏன் இங்க பிரிஞ்சு நிக்கணும்?

அந்தக் காலத்துல மிஷன்கள் ஊர்கள பங்கு போட்டு வச்சிருந்தாங்க. திருநெல்வேலிப் பக்கம் சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி.ங்கிற ரெண்டு ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து சபை) மிஷன் சங்கங்கள், நாகர்கோவில் பக்கம் எல்.எம்.எஸ்.ங்கிற லண்டன் மிஷன், மதுரை அமெரிக்கன் மிஷன், இப்படி. நீ எந்த சபைங்கிறது உன் விசுவாசத்த வச்சு இல்ல, உன் ஊரு எந்த மிஷன் எல்லைக்குள்ள வருதுங்கிறத வச்சு. ரயில் ஏறி மதுரையில எறங்குனா சபை மாறிடும். இன்னைக்கும் நெல்லையில வயசானவங்க "அவங்க எஸ்.பி.ஜி. ஆளு"ன்னு சொல்றத கேட்டிருப்பீங்க, சங்கம் போய் எத்தன வருஷமாச்சு, பேரு மட்டும் நாக்குல ஒட்டிக்கிட்டு நிக்குது.

தரங்கம்பாடியில முன்ன நின்னவர் பேராயர் அசரியா. வெள்ளாளன்விளையில 1874ல பொறந்தவர், கிராமத்து ஐயர் மகன், 1912 டிசம்பர் 29 அன்னைக்கு கல்கத்தாவுல ஆங்கிலிக்கன் சபையோட மொதல் இந்திய பிஷப்பா அபிஷேகம் ஆனவர். 1910ல எடின்பர்க் உலக மிஷனெரி மாநாட்டுல மிஷனெரிமார் நெறஞ்ச சபையில எந்திரிச்சு, உங்க தியாகமெல்லாம் சரி, எங்களுக்கு சிநேகிதங்களத் தாங்கன்னு கேட்டவர், அப்ப அவருக்கு வயசு 35. 1927ல சபை ஐக்கியத்தப் பத்திப் பேசக் கூடுன லொசான் மாநாட்டுல இன்னும் அழுத்தமா சொன்னாரு, கிறிஸ்தவ நாடுகள்ல சபைப் பிரிவு ஒரு பலவீனமா இருக்கலாம், எங்க நாட்டுல அது பாவம், இடறல்னு. தெலுங்கு நாட்டுல தோர்ணக்கல்ல மாட்டு வண்டியில கிராமம் கிராமமா போய் மாலா, மாதிகாங்கிற தலித் ஜனங்க மத்தியில ஊழியம் செஞ்ச மனுஷன் பேசுன பேச்சு அது. சொத்துக் கணக்கு போட்டவர் பேச்சு மாதிரியா இருக்கு? 1945 ஜனவரி 1 அன்னைக்கு அவர் கண்ண மூடிட்டாரு. ரெண்டே முக்கா வருஷம் இருந்திருந்தா பாத்திருப்பாரேன்னு எனக்கு இப்பவும் மனசு அடிச்சுக்கும்.

28 வருஷம் எதுல இழுத்துச்சுன்னா பிஷப் விஷயத்துலதான். ஆங்கிலிக்கன்காரங்களுக்கு பிஷப் இல்லாம சபையில்ல, 1908லயே ஒண்ணா சேந்திருந்த பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் ஆளுங்களுக்கு பிஷப்னாலே பயம், எங்க ஐயர்மாருக்கு மறுபடி கை வச்சு பட்டம் குடுத்தா இத்தன வருஷம் அவங்க குடுத்த திருவிருந்து பொய்யான்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. கடைசியில என்ன பண்ணாங்கன்னா, ஏற்கெனவே பட்டம் பெத்தவங்க அப்படியே இருக்கட்டும், யாருக்கும் மறுபட்டம் வேண்டாம், இனிமே வர்றவங்களுக்கு பிஷப் கை வைப்பாரு, எந்த சபைக்கும் அவங்க மனசாட்சி ஒத்துக்காத குருவ திணிக்க மாட்டோம்னு ஒருத்தருக்கொருத்தர் வாக்குக் குடுத்துக்கிட்டாங்க. இத ஏத்துக்க முடியாம நந்தியால் பக்கத்து ஆங்கிலிக்கன் ஜனங்கள்ல பெரும்பகுதி அப்ப வெளிய நின்னாங்க. இங்கிலாந்துலயும் எல்லாரும் கைதட்டல, 1948ல ஆங்கிலிக்கன் பிஷப்மார் கூடுன லாம்பெத் மாநாட்டுல புதுசா பட்டம் வாங்குறவங்கள ஏத்துக்கிறதான்னு பிஷப்மாரே ரெண்டா பிரிஞ்சு நின்னாங்க. வெள்ளைக்காரன் திட்டம்னா அவன் வீட்டுக்குள்ளேயே ஏன் இவ்ளோ எதிர்ப்பு?

ஸ்காட்லாந்து சபையில பிஷப்பே இல்லாத முறையில குருவான லெஸ்லி நியூபிகின் 37 வயசுல மதுரைக்கு பிஷப் ஆனாரு, யாழ்ப்பாணமும் ஒரு திருமண்டலமா (ஒரு பிஷப் பொறுப்புல உள்ள எல்லை) உள்ள வந்து குலேந்திரன் அங்க மொதல் பேராயர் ஆனாரு. மொத்தம் 14 திருமண்டலம். நம்ம ஆராதனையில சமாதானம் பரிமாறும்போது உள்ளங்கைக்குள்ள உள்ளங்கை வச்சுக் குடுக்கிறோம் பாருங்க, அது சிரியன் கிறிஸ்தவங்ககிட்டருந்து எடுத்து 1950 வழிபாட்டு முறையில சேத்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் எல்லாம் கூடி கேரளத்து வழக்கத்த எடுத்துக்கிட்டாங்க, பின்னால மேல்நாட்டு சபைகள் வழிபாட்ட திருத்துனப்ப நம்மள பாத்துப் படிச்சாங்க. இத நெனைக்கும்போதெல்லாம் எனக்கு சந்தோஷமா இருக்கும்.

திருச்சி, ஒரு வாசகி: நாங்க டி.இ.எல்.சி. (தமிழ் லுத்தரன் சபை). எங்க சபை மட்டும் ஏன் அன்னைக்கு சேரல? கௌரவமா?

கௌரவம் இல்லம்மா. தமிழ் லுத்தரன் சபை தனிச் சபையா நிமிந்ததே 1919 ஜனவரியில, தரங்கம்பாடி கூட்டம் அதே வருஷம் மே மாசம், அப்பத்தான் சொந்தக் கால்ல நிக்க ஆரம்பிச்ச பிள்ளைய ஒடனே வேற வீட்டுக்கு வான்னா எப்படி வரும். திருவிருந்துல கர்த்தர் எப்படி இருக்காரு, விசுவாச அறிக்கை எவ்ளோ கறாரா இருக்கணும், இதுலெல்லாம் லுத்தரன்காரங்களுக்கு ஆழமான கவலை இருந்துச்சு. 1947க்கு அப்புறமும் உக்காந்து பேசி உபதேசத்துல நெறைய ஒத்துப்போனாங்க. நிர்வாகம் ஒண்ணாகல, அவ்ளோதான். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில ரெண்டு சபைப் பசங்களும் ஒரே மெஸ்ஸுல சாப்பிட்டு ஒரே வாத்தியார்கிட்ட படிச்சு ஐயர் ஆகுறாங்க. ஞானஸ்நானம், திருவிருந்து ரெண்டுலயும் நமக்குள்ள தடையில்ல. கட்டடத்துல தனி போர்டு இருக்கிறது எனக்கு பெரிய துக்கமா படல.

கோயம்புத்தூர், ஒரு வாசகர்: நான் இந்து. உங்க பத்திரிகைய ஆபீஸ் நண்பர் குடுத்துப் படிப்பேன். கிறிஸ்தவ சபைகள் எல்லாம் ஒண்ணு சேரணும்னு எழுதுறீங்களே, அப்படி சேந்தா அது ஒரு ஓட்டு வங்கிதானே? ஒரு மதச்சார்பற்ற நாட்டுல இது சரியா?

மனசு தெறந்து கேட்டதுக்கு நன்றி சார். நீங்க பயப்படுற மாதிரி ஒரு விஷயம் நடக்கிறதுக்கு வாய்ப்பு உண்மையிலேயே ஒரு காலத்துல இருந்துச்சு, அத வேண்டாம்னு சொன்னதே கிறிஸ்தவத் தலைவர்கள்தான். அரசியல் நிர்ணய சபையில மொதல்ல மெட்ராஸ், பம்பாய் மாகாணங்கள்ல இந்தியக் கிறிஸ்தவங்களுக்கு சட்டசபைத் தொகுதி ஒதுக்கீடு குடுக்கிறதாத்தான் பேச்சு. 1949ல அது கைவிடப்பட்டுச்சு. சிறுபான்மையினர் துணைக்குழுவுக்குத் தலைமை தாங்குன எச்.சி. முகர்ஜி ஒரு கிறிஸ்தவர், நம்ம மெட்ராஸ்லேர்ந்து போன ஜெரோம் டிசூசா ஒரு சேசுசபைக் குரு, ரெண்டு பேருமே எங்களுக்குத் தனி சீட்டு வேண்டாம், எல்லாரோடயும் சேந்தே நிக்கிறோம்னு நின்னாங்க. ஒருத்தர் புராட்டஸ்டன்ட் பக்கம், இன்னொருத்தர் கத்தோலிக்கர், சபை ஒத்துழைப்புன்னு யாராவது கேட்டா நான் மொதல்ல காட்டுறது இந்த ரெண்டு பேரத்தான். அவங்க நம்புனது 25வது, 26வது, 30வது பிரிவுகள. அதாவது விசுவாசிக்க, பரப்ப, சபைய நடத்த, பள்ளிக்கூடம் வைக்க உள்ள உரிமை. இந்த நாட்டுல செக்யூலர்னா மதத்த ஒதுக்கி வைக்கிறதுன்னு அர்த்தமில்ல, எந்த மதத்துக்கும் அரசாங்கம் சொந்தமில்லன்னு அர்த்தம், அப்படிப்பட்ட வீட்டுலதான் எங்கள மாதிரி சின்னக் கூட்டம் நிம்மதியா இருக்க முடியும்.

நாங்க சேரணும்னு நான் சொல்றது வேலைக்கு. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு நீங்க போயிருப்பீங்க, கோவையிலேர்ந்தும் ஆள் போவாங்க. ஐடா ஸ்கடர் 1900ல ஒத்த பெட்டோட ஆரம்பிச்சது, இன்னைக்கு அத நடத்துற கவுன்சில்ல பல சபைகள் உக்காந்திருக்கு, எந்த ஒரு சபையும் தனியா அத தூக்கி நிறுத்தியிருக்க முடியாது. வார்டுல படுத்திருக்கிறவர் என்ன மதம்னு பாத்து மருந்து குடுக்கிறதில்ல. சென்னை விமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜும் 1915ல பல மிஷன்கள் சேந்து தொடங்குனதுதான்.

பிஷப்மார் இந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுன்னு சர்க்குலர் அனுப்புறதுல எனக்கு உடன்பாடே இல்ல, ஆல்டர்ல நின்னு சொல்றது இன்னும் தப்பு. ஆனா அநியாயம் நடக்கும்போது வாய மூடிக்கிட்டு இருக்கணும்னும் சொல்ல மாட்டேன். மார்த்தோமா சபையச் சேந்த எம்.எம். தாமஸ் குருவானவர் கூட கெடையாது, சாதாரண விசுவாசி, உலகத் திருச்சபை மன்றத்தோட மத்தியக் குழுவுக்கு 1968லேர்ந்து 75 வரைக்கும் தலைமை தாங்குனவர், எமர்ஜென்சி வந்தப்ப அத எதிர்த்து எழுதினாரு. எழுதுனது கிறிஸ்தவங்களுக்கு சலுகை கேட்டு இல்ல, நாட்டு ஜனங்க எல்லாரோட சுதந்திரத்துக்காக. சபைத் தலைவர் பேசுற பேச்சு யாருக்காகன்னு பாருங்க சார், அத வச்சு எங்கள நிறுத்துப் பாருங்க. எங்களுக்குள்ள ஒரு கணக்கும் பாக்கியிருக்கு. 1950 ஆகஸ்ட் 10 ஜனாதிபதி ஆணையால தலித் கிறிஸ்தவங்களுக்கு எஸ்.சி. பட்டியல்ல எடம் இல்லாமப் போச்சு, அதுக்காக கத்தோலிக்க ஆயர்களும் மத்த சபைகளும் சேந்து கேட்டுக்கிட்டு இருக்காங்க, கேக்க வேண்டியதுதான். ஆனா சபைக்குள்ள தனிப் பெஞ்சும் தனிக் கல்லறையும் வச்சுக்கிட்டு டெல்லியில நியாயம் கேட்டா அதுக்கு எப்படி பலம் இருக்கும்?

பாளையங்கோட்டை, ஒரு வாசகர்: டி.சி. (திருமண்டல கவுன்சில்) எலெக்சன் வந்தாலே ஊருக்குள்ள பிளெக்ஸ், அணி, விருந்து. கோர்ட்டு ரிட்டயர்டு ஜட்ஜ போட்டு சபைய நடத்துற நிலைமை சில எடத்துல வந்துருச்சு. இந்தத் தலைமையா ஐக்கியத்தப் பத்திப் பேசுறது?

நீங்க எழுதுன மூணு பக்கத்தையும் ரெண்டு தடவ வாசிச்சேன். எனக்கும் அதே வேதனைதான். ஆனா வெறும் மனுஷங்க கெட்டுப்போயிட்டாங்கன்னு சொல்லி முடிச்சா பிரயோஜனமில்ல, எதுக்கு இவ்ளோ சண்டைன்னு யோசிங்க. நம்ம அமைப்புல டி.சி. ஓட்டுப் போட்டு சில பேர் அடங்குன பேனல் அனுப்பும், அதுலேர்ந்து மொத்த சபைக்கும் மேல் மன்றமான சினாடு பிஷப்ப தெரிஞ்செடுக்கும், அடிமட்ட விசுவாசிக்கும் பங்கு இருக்கணும்னு 1947ல பிரஸ்பிட்டேரியன் பக்கத்துலேர்ந்தும் காங்கிரிகேஷனல் பக்கத்துலேர்ந்தும் வந்த நல்ல எண்ணம் அது, பிஷப் ராஜா மாதிரி ஆகிடக்கூடாதுன்னு. ஆனா அதே பிஷப்தான் பள்ளிக்கூடம், காலேஜ், ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் தலைவர். எய்டட் ஸ்கூல்ல சம்பளம் அரசாங்கம் குடுக்குது, வாத்தியார நியமிக்கிறது நிர்வாகம். ஒரு போஸ்டிங் ஒரு குடும்பத்தோட வாழ்க்கை. அப்ப டி.சி. சீட்டு யார் கையில இருக்குங்கிறது ஜெபம் சம்பந்தப்பட்ட விஷயமா இல்லாமப் போச்சு, அதோட சாதியும் சேந்துக்கிட்டா கேக்கவே வேண்டாம். மதச்சார்பற்ற அரசு சிறுபான்மையினர நம்பிக் குடுத்த உரிமைய நாம இப்படி வச்சிருக்கிறதுதான் எனக்கு ரொம்ப வலிக்குது.

என் அபிப்பிராயம் என்னன்னா ஊழியத்தையும் நியமனத்தையும் பிரிக்கணும். நியமனத்துக்கு வெளியாட்களும் உள்ள ஒரு போர்டு, மார்க்கு, இன்டர்வியூ எல்லாம் வெளிப்படையா, வேற சபைக்காரங்க ஒண்ணு ரெண்டு பேர் அதுல உக்காரணும். லுத்தரன் ஒருத்தர், கத்தோலிக்க சிஸ்டர் ஒருத்தங்க நம்ம போர்டுல உக்காந்தா யாரு வீட்டு மருமகன்னு அவங்களுக்குத் தெரியாது. இதுக்கு ஐக்கியம்னு பேர் வைக்கலாம், தாராளமா. பிஷப் சேகரம் சேகரமா போகட்டும், திடப்படுத்தல் குடுக்கட்டும், நோயாளியப் பாக்கட்டும். அசரியா செஞ்சது அதுதானே.

மார்த்தாண்டம், ஒரு வாசகி: ஐக்கிய ஜெபத்துல எந்த பைபிள் வாசிக்கிறதுன்னே சண்டை. எது சரி?

1995ல வந்த திருவிவிலியம் கத்தோலிக்க அறிஞர்களும் நம்ம அறிஞர்களும் சேந்து உக்காந்து செஞ்ச பொது மொழிபெயர்ப்பு, அதுக்காகவே செஞ்சது. ஆனா நம்ம ஆச்சிமாருக்கு 1871 பவர் திருப்புதல்ங்கிற பழைய மொழிபெயர்ப்புதான் நெஞ்சுல இருக்கு, தேவன், சுவிசேஷம், ஞானஸ்நானம்னு கேட்டாதான் வேதம் மாதிரி இருக்கும், கடவுள், நற்செய்தி, திருமுழுக்குன்னா செய்தித்தாள் மாதிரி இருக்குங்கிறாங்க. ரெண்டு பாடம் இருந்தா ஒண்ணு இதுல ஒண்ணு அதுல வாசிங்க. சங்கீதத்த மட்டும் பழசுல வாசிக்க விடுங்க, எல்லாரும் சேந்து சொல்லுவாங்க.

விருதுநகர் பக்கம், ஒரு வாசகர்: நான் சேகரக் கமிட்டி மெம்பர். எங்க ஊர்ல கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம் எங்க சபைக்கு மட்டும்தான் இருக்கு. போன மாசம் ஒரு பெந்தெகொஸ்தே சபை அண்ணாச்சி தவறிட்டாரு, எங்க சபைய விட்டுப் போனவருன்னு சொல்லி எடம் குடுக்கல. 18 கிலோமீட்டர் தள்ளி கொண்டு போனாங்க. எனக்குத் தூக்கம் வரல.

எனக்கும் இதே மாதிரி ஒரு ராத்திரி உண்டு. நான் சின்ன வயசு ஐயரா ஒரு சேகரத்துல இருந்தப்ப இப்படித்தான் வேற சபைக்குப் போன ஒரு பெரியம்மா எறந்துட்டாங்க, நான் பொறுப்பேத்து எட்டு மாசந்தான் ஆகியிருந்துச்சு, கமிட்டி முடியாதுன்னு சொன்னப்ப நான் எதுத்துப் பேசல. அந்தம்மா மகன் கோயில் வாசல்ல மழையில நின்னது இப்பவும் கண்ணுல இருக்கு. ஞானஸ்நானம் முழுக்கா தெளிப்பாங்கிற வாதத்த நாம எவ்ளோ நாளும் பேசிக்கலாம், அவங்க நம்ம ஞானஸ்நானத்த ஏத்துக்கலங்கிற வருத்தம் எனக்கும் இருக்கு, ஆனா பொணத்த வச்சுக்கிட்டு அந்த வாதத்தப் பேசக்கூடாது.

நீங்க செய்யக்கூடியது இது. அடுத்த கமிட்டியில, இப்ப யாரும் சாகாத நேரத்துல, தீர்மானமா கொண்டு வாங்க. ஊர் எல்லைக்குள்ள வாழ்ற எந்த சபைக் கிறிஸ்தவரா இருந்தாலும் கல்லறையில எடம் உண்டு, குழி தோண்டுற கூலியும் பராமரிப்புக் கட்டணமும் நம்ம ஆளுங்களுக்கு என்னவோ அதுவே, அடக்க ஆராதனைய அவங்க பாஸ்டரே நடத்தலாம்னு மூணே வரி. மினிட்ஸ்ல ஏத்தி, சேகர ஐயர் கையெழுத்தோட திருமண்டல ஆபீசுக்கு ஒரு காப்பி அனுப்புங்க, அப்பத்தான் அடுத்த கமிட்டி வந்து சுலபமா மாத்த முடியாது. அதுக்கு முன்னாடி உபதேசியாரக் கூட்டிக்கிட்டு அந்த அண்ணாச்சி வீட்டுக்கு ஒரு தடவ போயிட்டு வாங்க. தீர்மானம் நிறைவேறுச்சோ தோத்துச்சோ, எனக்கு ஒரு கார்டு போடுங்க.